பாத்தி கிண்டிய நாளில் எடுக்காத படம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செப்டெம்பர் மாதம். கொழும்பு வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் போன் எடுத்தார். எங்கள் ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கை இடித்த மாவை, கடையில் போடச் சம்மதம் என்றும், வாசலில் தொங்கவிட ஒரு பதாகை அடித்துத் தரவேண்டும் என்றும் சொன்னார். "பாத்தி கிண்டுற படம் ஒண்டு பெரிசாப் போடுங்கோ. இங்க இருக்கிற பிள்ளையளுக்கு ஒடியல் எங்கயிருந்து வருதெண்டே தெரியாது" என்றார். நல்ல யோசனைதான். ஒரு கிழமை தவணை தந்தார்.

செப்டெம்பரில் எந்தப் பாத்தியைக் கிண்டுவது? பனம்பழம் விழுந்து முடிகிற காலம் அது. விதைகளைப் பொறுக்கி, கிழங்கு முளைக்க மண்ணில் புதைத்துப் பாத்தி போடுவதே அதற்குப் பிறகுதான். கிழங்கு கிண்டத் தை, மாசி வரவேண்டும். என் போனில் அப்போது 2000 படங்களுக்கு மேல் இருந்தன. அம்மா, நான், ஒழுங்கையில் இருக்கும் மூன்று பெண்கள் என ஐந்து பேராக யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டோடு நடத்தும் தொழில் இது. ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, வேப்பம்பூ வடகம், மோர் மிளகாய், வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் செய்கிறோம். அந்த 2000 படங்களில் கட்டி முடித்த பைக்கட்டுகளே திரும்பத் திரும்ப இருந்தன. பாத்தி கிண்டும் படம் ஒன்றுகூட இல்லை. கிண்டும் நாளில் எல்லோருடைய கையும் மண்ணாக இருக்கும். போனை எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை.

தவணைக்குப் பயந்து இணையத்தில் ஒரு படத்தை எடுத்தேன். கட்டுக் கட்டாகப் பனங்கிழங்கு, நல்ல வெளிச்சம், நல்ல நிறம். பதாகை தொங்கி இரண்டாம் நாளே கடைக்கு வந்த ஒரு பெரியவர் என் இலக்கத்தை வாங்கி அழைத்தார். "பிள்ளை, கிழங்குக்குப் பக்கத்தில கரும்பு நிக்குது. இது தமிழ்நாட்டுப் பொங்கல் சந்தை. உங்கட பாத்தி எங்க?" அவர் கோபப்படவில்லை, கவலைப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. எங்கள் மா உண்மையானது, படம் உண்மையில்லை. அதை யார் எடுத்தார், எடுத்தவரிடம் கேட்டோமா என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் புகைப்படமும் பாதுகாக்கப்பட்ட படைப்பு என்று பிறகுதான் அறிந்தேன். இணையத்தில் கிடப்பதெல்லாம் சும்மா எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பதாகையை இறக்கச் சொன்னேன்.

அந்தக் கிழமையே ஒரு பெரிய கலண்டரை வாங்கிச் சுவரில் கொழுவினேன். எந்தப் படம் எந்த மாதத்தில் மட்டும் கிடைக்கும் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். தையும் மாசியும் பாத்தி கிண்டல், கிழங்கு தோலுரித்துப் பிளந்து காயவிடுதல், புழுக்கொடியலுக்கு அவித்தல். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ. அது உதிரும் நாட்கள் மிகக் கொஞ்சம், ஒரு மழை பெய்தால் போச்சு. வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், அதே வெயிலில் மோர் மிளகாய். ஆடியிலிருந்து புரட்டாதி வரை பனம்பழம், பனங்களி பிசைதல், பாயில் படையாக ஊற்றிப் பனாட்டுக் காயவிடுதல். ஐப்பசிக்குப் பிறகு மழை. வெளியே ஒன்றும் காயாது. அந்த மாதங்களை உள்ளே இருந்து பைக்கட்டுப் படம் எடுக்கவும், வருடம் முழுவதும் சேர்ந்ததைத் தரம் பிரிக்கவும் ஒதுக்கினோம். ஒரு சின்னத் தொழிலின் படச் சேமிப்புக்கு இதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியாது. படம் தேவைப்படும் நாளும் அதை எடுக்கக்கூடிய நாளும் ஒன்றாக வராது. தையில் எடுத்தது செப்டெம்பரில் கைகொடுக்கும்.

கமராவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 12 மெகாபிக்சல் போன் போதும். 4000க்கு 3000 பிக்சல் வருகிற படத்தை அச்சுக்கான தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 13 அங்குல அகலம் வரை அடிக்கலாம். லேபிளுக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் அது தாராளம். லென்சைத் துடைப்பதுதான் பெரிய விஷயம். மிளகாய்த்தூள் வீட்டில் எல்லாப் போன் லென்சிலும் ஒரு மெல்லிய படலம் இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும், அதில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. யாழ்ப்பாணத்து மத்தியான வெயில் சாப்பாட்டுப் பொருளுக்கு ஆகாது. தலைக்கு மேலே நின்று அடிக்கும். சுளகில் பரப்பிய ஒடியல் வெள்ளையாய் எரிந்துபோய், விளிம்பின் நிழல் கறுத்துக் கிடக்கும். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரையும், பின்னேரம் நாலரைக்குப் பிறகும்தான் முற்றத்தில் எடுப்போம். மற்ற நேரம் விறாந்தைதான். கூரை நிழலுக்குள் பொருளை வைத்து, முற்றத்துப் பக்கமிருந்து வெளிச்சம் பக்கவாட்டில் வரவிட்டு, எதிர்ப்பக்கம் ஒரு ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பலகையை நிறுத்துவோம். மீன் பெட்டி மூடியை அறுத்து எடுத்த பலகை அது. அந்த வெள்ளை, நிழலை மெதுவாக்கிக் கொடுக்கும். அப்பாவின் வெள்ளை வேட்டியையும் கட்டிப் பார்த்தோம், அதுவும் சரி.

ஒடியல் மா மட்டும் எப்படி எடுத்தாலும் பச்சையாக வந்தது. பழசு என்று ஆட்கள் நினைக்கும் நிறம். போனைக் குறை சொன்னோம், ரியூப் லைட்டைக் குறை சொன்னோம். லைட்டை அணைத்த பிறகும் பச்சை போகவில்லை. கடைசியில் தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். எங்கள் விறாந்தைச் சுவர் இளம்பச்சைப் பெயின்ட். சுவரில் பட்ட வெளிச்சம் மாவில் விழுந்து பச்சையாக்கியது. சுவரை ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடியவுடன் மா தன் சொந்த நிறத்துக்கு வந்தது. அன்றிலிருந்து படம் எடுப்பவர் கடும் நிறச் சட்டை போட்டுக்கொண்டு குனிவதும் இல்லை.

மிளகாய்த்தூள் இதற்கு நேர்மாறு. எங்கள் தூள் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் வறுத்து இடித்தது. அதன் நிறம் கருஞ்சிவப்பு, கிட்டத்தட்டப் பழுப்பு. போன் தானாகவே அதைத் தூக்கிப் பிரகாசமாக்கிச் செக்கச்செவேல் என்று காட்டும். பார்க்க அழகு. அதை அப்படியே போட்டோம். நோர்வேயிலிருந்து ஒரு அக்கா எழுதினார்: "படத்தில சிவப்பு, வந்தது கறுப்பு. பழைய தூளோ?" தூளில் ஒரு குறையும் இல்லை, படம்தான் பொய் சொல்லியது. இப்போது தூளின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதல் படம் எடுப்போம். திரையில் தூளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுப்போம். எடுத்த படத்தைத் தூளின் அருகிலேயே பிடித்துப் பார்த்து, இரண்டும் ஒத்திருக்கிறதா என்று அம்மாவைக் கேட்போம். அம்மா ஓம் என்றால்தான் அந்தப் படம் சேமிப்புக்குப் போகும். நிறத்தைக் கூட்டும் வடிகட்டிகளை முற்றாக விட்டுவிட்டோம். அதன் பிறகு அந்தக் கேள்வி எங்களுக்கு வரவில்லை.

ஒவ்வொரு வேலையையும் மூன்று தூரத்தில் எடுக்கவேண்டும் என்பதும் அப்படி அடிபட்டுப் பழகியதுதான். முற்றம் முழுவதும் தெரிய ஒன்று, ஆளும் வேலையும் தெரிய ஒன்று, கையும் பொருளும் மட்டும் ஒன்று. அவற்றை நிமிர்த்தியும் கிடத்தியும் எடுக்கவேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் வெறுமையாக விடவேண்டும், விலையோ பெயரோ எழுத இடம் வேண்டுமே. எங்கள் பழைய படங்களில் பொருள் சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும், எழுத்தை எங்கே வைத்தாலும் ஒடியலை மறைக்கும்.

பின்னணிக்கு நல்லூர்க் கோபுரத்தையும் கோட்டையையும் வைக்கச் சொல்லிப் பலர் ஆலோசனை தந்தார்கள். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். வெளியே எடுத்த கோபுரத்தையும் விற்பனைக்குப் பயன்படுத்த எனக்கு மனமில்லை. 25 நாள் திருவிழாவில் ஊர் நிறைந்திருக்கும்போது எங்கள் கடைப் பந்தலைப் படம் எடுப்போம், தேரை எடுத்துப் பைக்கட்டில் போடமாட்டோம். எங்களுக்குக் கிடுகு வேலியும் சிவப்பு மண்ணும் சுளகும் கடகமும் போதும். அவற்றைப் பார்த்தவுடன் இது எந்த ஊர் என்று ஆட்களுக்குத் தெரிகிறது. விடுமுறைக்கு வந்த மச்சான் ஒருவர் ட்ரோன் கொண்டுவந்து பனந்தோப்பை மேலிருந்து எடுத்துத் தருகிறேன் என்றார். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இல்லாமல் பறக்கவிடவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அடுத்தது ஆட்களின் படம். இதில் நான் செய்த பிழையை வெளிப்படையாகச் சொல்கிறேன். எங்களோடு வேலை செய்யும் மாமி ஒருவர் உலக்கை போடும் படம் மிக நன்றாக வந்தது. கேட்காமலே பேஸ்புக்கில் போட்டேன். இரண்டு நாள் மாமி வேலைக்கு வரவில்லை. போய்க் கேட்டால், மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது, இந்த நேரத்தில் தாய் வீட்டில் உடுத்தும் உடுப்போடு உலக்கை போடுகிற படம் ஊரெல்லாம் போகிறது என்று அழுதார். "வேலை செய்யிறது வெக்கமில்லைப் பிள்ளை. ஆனா என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம்." உடனே எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எல்லோரிடமும் முன்பே கேட்கிறோம். முகம் வரலாமா, கை மட்டுமா, பைக்கட்டில் போடலாமா, பேஸ்புக்கில் மட்டுமா என்று தனித்தனியாகக் கேட்போம். பதிலை ஒரு கொப்பியில் எழுதி அவர்களின் கையெழுத்தை வாங்குவோம். எடுத்த படத்தை அவர்களுக்கே முதலில் காட்டுவோம். பிடிக்காததை அவர்கள் கண்முன்னே அழிப்போம். மாமி இப்போது கையை மட்டும் எடுக்கச் சொல்கிறார். அந்தக் கைகள்தான் எங்கள் சேமிப்பில் மிக அதிகம் பயன்பட்ட படங்கள். வளையல் ஒதுங்கி, முழங்கை வரை மா படிந்து, சுளகைப் புடைக்கும் கைகள்.

இடையில் ஒருமுறை காசு கொடுத்துப் படப்பிடிப்பாளர் ஒருவரையும் கூப்பிட்டோம். ஒரு நாள் முழுவதும் அருமையாக எடுத்தார். படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார், போனில் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தோம். நாலு மாதம் கழித்து லேபிள் அச்சடிக்கக் கொடுத்தபோது அச்சகத்தில் முகத்தைச் சுளித்தார்கள். வட்ஸ்அப் சுருக்கியதில் 1600 பிக்சல்தான் மிஞ்சியிருந்தது. பெரிதாக்கினால் ஒடியல் பஞ்சு மாதிரித் தெரிந்தது. மூலக் கோப்பைக் கேட்டால், கமரா அட்டையை வேறு வேலைக்கு அழித்துவிட்டேன் என்றார். முழுக்க அவர் பிழை என்று சொல்லமாட்டேன். என்ன வேண்டும் என்று நாங்கள் முதலிலேயே சொல்லவில்லை. இப்போது யாரைக் கூப்பிட்டாலும் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறோம். மூலக் கோப்புகள் பென்டிரைவில் கையில் வரவேண்டும். லேபிள், இணையம், பதாகை எல்லாவற்றுக்கும் காலவரையறை இல்லாமல் நாங்கள் பயன்படுத்தலாம். அவர் தன் வேலையாகக் காட்டிக்கொள்ளலாம், ஆனால் இன்னொரு தூள் கொம்பனிக்கு விற்கக்கூடாது. எங்களுக்குள் படம் அனுப்பும்போதும் வட்ஸ்அப்பில் கோப்பாகவே இணைக்கிறோம், அப்போது சுருங்காது.

படங்கள் சேரத் தொடங்கிய பிறகு அடுத்த தலையிடி தேடுவது. ஒரே பொருளை ஒருத்தி ஒடியல் என்றும், ஒருத்தி கிழங்கு என்றும், தங்கச்சி இங்கிலீசில் இரண்டு விதமாகவும் பெயர் வைத்திருந்தாள். தேடினால் பாதிதான் வரும். ஒரு மழை நாளில் நாங்கள் ஐந்து பேரும் தங்கச்சியும் உட்கார்ந்து 40 சொற்களைத் தெரிந்தெடுத்துக் கொப்பியில் எழுதினோம். இனி அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் இல்லை. கோப்பின் பெயர் திகதியில் தொடங்கும், வருடம் முதலில்: 2024-02-11, ஒடியல், பாத்தி கிண்டல், கை, 03. வருடத்தை முதலில் போட்டால் கணினி தானாகவே வரிசைப்படுத்திவிடும். ஆளின் முகம் உள்ள படமென்றால் கொப்பியில் உள்ள அனுமதியின் இலக்கமும் பெயரில் சேரும். அனுமதி இலக்கம் இல்லாத முகத்தை யாரும் எங்கும் போடக்கூடாது.

எடுத்த அன்று இரவே தரம் பிரிப்போம். பாத்தி கிண்டிய ஒரு நாளில் 380 படம் எடுத்தோம். வைத்தது 26. அழிக்க மனம் வராது என்பது உண்மை. ஆனால் ஒரே மாதிரி 15 படம் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் அவற்றில் எதை எடுப்பதென்று அரை மணித்தியாலம் போய்விடும். கண் மூடியது, கலங்கியது, ஒன்றைப்போலவே இருக்கும் இன்னொன்று எல்லாம் போகட்டும். ஒரு கிழமை தள்ளிப்போட்டால் அது பிறகு நடக்கவே நடக்காது.

சேமித்து வைப்பதைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் மனம் கனக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தம் நெருங்கி, வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே வீதியில் தென்மராட்சிக்குப் போனபோது எங்கள் வீட்டிலும் இரண்டு சைக்கிளில் ஏற்றக்கூடியதைத்தான் எடுத்தார்கள். அல்பம் அலுமாரியில் இருந்தது. தாத்தாவுக்குச் சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் பனம்பொருள் கடை இருந்தது. அந்தக் கடை வாசலில் அவர் நிற்கும் ஒரு படம் அதில் இருந்ததாம். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. அந்தக் கடை எப்படி இருந்ததென்று இன்று அம்மா சொல்வதை வைத்து நான் மனதில் கீறிக்கொள்வதுதான்.

இதெல்லாம் தெரிந்த நானே இரண்டாம் வருடத்தில் முழுப் பனாட்டுக் காலத்தையும் ஒரு போனில் மட்டும் வைத்திருந்தேன். ஒரு காலை கிணற்றடியில் குனிந்தபோது அது தொட்டிக்குள் விழுந்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் ஒன்றும் மீளவில்லை. பனங்களி பிசைவதிலிருந்து பனாட்டு வெட்டுவது வரை அந்த வருடப் படம் ஒன்றும் இல்லை, அடுத்த ஆடி வரை காத்திருந்தோம். இப்போது மூன்று பிரதிகள். ஒன்று வீட்டுக் கணினியில். ஒன்று கூகுள் டிரைவில், அங்கே இலவசமாக 15 ஜிபி கிடைக்கும், மின்னஞ்சலும் அதே இடத்தைத்தான் தின்னும் என்பதால் தரம் பிரித்த படங்களை மட்டும் ஏற்றுகிறோம். மூன்றாவது ஒரு ஹார்ட் டிஸ்க், அது வவுனியாவில் சின்னம்மா வீட்டில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது போகும்போது மாற்றி எடுத்துவருவோம். ஒரு வீட்டில் உள்ளதெல்லாம் ஒரே நாளில் போகலாம் என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

போன வருடம் எங்களுக்குக் கடகம் இழைத்துத் தந்த ஆச்சி காலமானார். ஜேர்மனியிலிருந்து வந்த மகன் எங்கள் படலையைத் தட்டினார். அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்ற நினைவு மலர் அடிக்க ஒரு நல்ல படம் இல்லை, அடையாள அட்டைப் படம்தான் இருக்கிறது, உங்களிடம் ஏதும் இருக்குமோ என்று கேட்டார். விறாந்தையில் கணினியை வைத்து "கடகம்" என்று தேடினேன். அந்த ஒரு சொல்லை எல்லோரும் ஒரே மாதிரி எழுதியதால் ஒரு நிமிடத்தில் 11 படம் வந்தது. ஒன்றில் ஆச்சி ஓலை வார்ந்தபடி யாரையோ பார்த்துச் சிரிக்கிறார், காலை வெளிச்சம் ஒரு கன்னத்தில். மகன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பென்டிரைவில் முழு அளவில் கொடுத்தேன். எங்கள் பேஸ்புக் பக்கத்தில் இருந்த ஆச்சியின் படங்களை அன்றே எடுத்துவிட்டு, தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். ஆச்சி சம்மதித்துக் கையெழுத்து வைத்த பக்கத்தைக் கொப்பியில் காட்டினேன். அந்தக் கையெழுத்தை விரலால் தடவிவிட்டு, "அம்மா ஓம் எண்டு சொன்னதை நான் என்னெண்டு மாத்திறது, இருக்கட்டும்" என்றார். முப்பத்தோராம் நாள் முடியும்வரை பொறுத்துப் பிறகுதான் திரும்பப் போட்டோம்.

வெள்ளவத்தைக் கடைக்கு அடுத்த வருடம் புதுப் பதாகை போனது. எங்கள் பாத்தி, எங்கள் மண், எங்கள் கைகள். அந்தப் பெரியவர் பார்த்தாரா என்று கேட்க அவருடைய இலக்கம் என்னிடம் இல்லை.

பொங்கல் முடிந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை பாத்தி கிண்டுகிறோம். காலை ஆறு மணிக்கு மண்வெட்டி இறங்கும். தங்கச்சிக்கு அன்று மண்ணில் கை வைக்கும் வேலை இல்லை, படம் மட்டும்தான். போன வருடம் கிழங்கு மண்ணிலிருந்து வெளியே வருகிற அந்த ஒரு நொடி சரியாகக் கிடைக்கவில்லை, எல்லாவற்றிலும் அப்பாவின் நிழல் விழுந்திருந்தது. இம்முறை அப்பாவைக் கிழக்குப் பக்கம் நிற்கவிடப் போவதில்லை.